அரசுப் பள்ளி ஆசிரியரின் கருத்துரிமை: தூத்துக்குடிக் கரையும் தமிழகமும்

பள்ளி நேரம் முடிந்த பிறகு ஓர் அரசுப் பள்ளி ஆசிரியருக்கும் குடிமகனாகப் பேசவும் எழுதவும் கூட்டத்தில் நிற்கவும் உரிமை உண்டு. அரசியலமைப்பின் 19(1)(அ), (ஆ) பிரிவுகள் இதைத் தருகின்றன. தமிழ்நாடு அரசு ஊழியர் நடத்தை விதிகள், 1973 இதற்கு வேலி போடுகின்றன.

தூத்துக்குடியில் இந்த வரலாறு சுதேசிக் காலத்திலேயே தொடங்குகிறது. 1907இல் பிரிட்டிஷ் அரசு அனுப்பிய ரிஸ்லி சுற்றறிக்கை மாணவரும் ஆசிரியரும் அரசியலில் இறங்குவதைத் தடுத்தது. மீறும் பள்ளியின் மானியத்தை நிறுத்தலாம் என்றது. மிஷன் பள்ளிகள் நிறைந்த தூத்துக்குடியின் முத்துக்குளித்துறைக் கரையில் மானியம் போனால் பள்ளியே போய்விடும். மறு ஆண்டு பிப்ரவரியில் கோரல் மில் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தனர். மார்ச்சில், அவர்களுக்குத் துணைநின்ற சுதேசித் தலைவர்கள் வ.உ.சி.யும் சுப்பிரமணிய சிவாவும் கைதானதும், 13ஆம் தேதி திருநெல்வேலியில் இந்துக் கல்லூரி மாணவர்கள் தெருவுக்கு வந்தனர். அரசு அஞ்சியது வகுப்பறைக்கு வெளியே பேசப்படும் சொல்லுக்குத்தான்.

விடுதலைக்குப் பின் திருப்பம் தந்தது 1962இல் காமேஷ்வர் பிரசாத் வழக்கு. அரசு வேலையில் சேர்ந்ததாலேயே ஒருவர் அடிப்படை உரிமைகளை இழப்பதில்லை என்றது உச்ச நீதிமன்றம். ஆர்ப்பாட்டம் கருத்தைச் சொல்லும் ஒரு வழி என்று ஏற்று, அதை அறவே தடுத்த பீகார் விதியைச் செல்லாதாக்கியது. வேலைநிறுத்தத் தடையை மட்டும் விட்டுவைத்தது. ஆறாண்டு கழித்து அமெரிக்க உச்ச நீதிமன்றமும் பிக்கரிங் வழக்கில், பள்ளி நிர்வாகம் பணத்தைச் செலவிடும் விதத்தைக் குறைகூறி நாளிதழுக்குக் கடிதம் எழுதிய ஆசிரியரை வேலையிலிருந்து நீக்கியது தவறு என்றது.

தமிழகத்தில் 1981 ஜூன் முதல் ஊராட்சி ஒன்றியப் பள்ளி ஆசிரியர்கள் அரசு ஊழியர் ஆனார்கள். வேலைப் பாதுகாப்போடு நடத்தை விதிகளும் கூடவே வந்தன. அப்போது மாநிலச் சட்ட மேலவைக்கு உறுப்பினரைத் தேர்ந்தெடுக்க, உயர்நிலைப் பள்ளிக்குக் குறையாத கல்வி நிலைய ஆசிரியர்களுக்குத் தனித் தொகுதி இருந்தது. 1986 நவம்பரில் மேலவை கலைக்கப்பட்டபோது அதுவும் போனது. ஆசிரியர் குரலுக்கு நேர்ந்த இந்த இழப்பு அதிகம் பேசப்படவில்லை.

பெரிய அடி 2003 ஜூலையில் விழுந்தது. ஓய்வூதியச் சலுகைகள் குறைக்கப்பட்டதை எதிர்த்து வேலைநிறுத்தம் செய்த ஆசிரியர், அரசு ஊழியர் ஏறத்தாழ 1.70 லட்சம் பேரை அத்தியாவசியப் பணிகள் பராமரிப்புச் சட்டமான டெஸ்மாவையும் ஓர் அவசரச் சட்டத்தையும் கொண்டு அரசு பணிநீக்கம் செய்தது. ஆகஸ்ட் 6 அன்று ரங்கராஜன் வழக்கில் உச்ச நீதிமன்றம், வேலைநிறுத்தம் செய்ய ஊழியருக்கு அடிப்படை உரிமையோ சட்ட உரிமையோ தார்மீக உரிமையோ இல்லை என்றது. நிபந்தனையற்ற மன்னிப்பும், வேலைநிறுத்தத்தைத் தடுக்கும் நடத்தை விதி 22ஐ மீறமாட்டேன் என்ற உறுதிமொழியும் எழுதிக் கொடுத்தே பலர் பள்ளிக்குத் திரும்பினர். தீர்ப்பு வேலைநிறுத்தத்தைப் பற்றியது. ஆனால் அதன் பயம் பேச்சையும் பிடித்துக்கொண்டது.

அதனால்தான் 'மாலை நேர ஆர்ப்பாட்டம்' ஒரு வழக்கமாகவே வேரூன்றியது. நாள் முழுக்கக் கோரிக்கை அட்டையைச் சட்டையில் குத்திக்கொண்டு பாடம் நடத்திவிட்டு, பள்ளி விட்டதும் தூத்துக்குடி சிதம்பரநகர் பேருந்து நிறுத்தத்திலோ ஆட்சியர் அலுவலகம் முன்போ கூடுவார்கள். அப்போதும் கூட்டத்தில் அடிபடும் சொல் '17 பி'. கடும் தண்டனைக்குரிய குற்றச்சாட்டுக் குறிப்பாணை அது. வந்துவிட்டால் பதவி உயர்வு நின்றுபோகும். ஆசிரியர், அரசு ஊழியர் சங்கங்களின் கூட்டமைப்பான ஜாக்டோ-ஜியோ 2019 ஜனவரியில் நடத்திய வேலைநிறுத்தத்தின்போது இந்தக் குறிப்பாணைகள் ஏராளமாகப் பறந்தன.

எழுத்துக்கும் இதே நிலைதான். அரசுக் கல்லூரிப் பேராசிரியராக இருந்த எழுத்தாளர் பெருமாள்முருகனை, அவரது நாவலுக்கு எழுந்த எதிர்ப்பால் 2015இல் அதிகாரிகள் முன்னிலையில் நடந்த பேச்சுவார்த்தையில் எழுதப்பட்ட ஒப்பந்தம் மௌனமாக்கியது. 2016 ஜூலை 5 அன்று சென்னை உயர் நீதிமன்றம், அந்த ஒப்பந்தம் அவரைக் கட்டுப்படுத்தாது என்று அறிவித்தது. 2020இல் திரிபுரா உயர் நீதிமன்றம், முகநூல் பதிவுக்காக நடவடிக்கைக்குள்ளான மீன்வளத் துறை ஊழியர் ஒருவரின் வழக்கில், அரசு ஊழியருக்கும் கருத்துரிமை உண்டு என்றது.

2018 மே மாதம் ஸ்டெர்லைட் தாமிர ஆலையின் மாசை எதிர்த்த போராட்டத்தில் 13 பேர் சுட்டுக் கொல்லப்பட்ட ஊர் தூத்துக்குடி. மற்றவர் சுவாசிக்கும் காற்றைத்தான் இவ்வூர் ஆசிரியரும் சுவாசிக்கிறார். அதைப் பற்றிப் பேச அவருக்கும் உரிமை உண்டு. ஆனால் அரசின் கொள்கையையோ நடவடிக்கையையோ பகிரங்கமாகக் குறைகூறக் கூடாது என்ற விதி, பணி நேரம், ஓய்வு நேரம் என்று பிரித்துப் பார்ப்பதில்லை. வேலைநிறுத்தம் வேறு, கருத்துச் சொல்வது வேறு என்று 1962லேயே நீதிமன்றம் பிரித்துவிட்டது. அந்த வேறுபாட்டை நடத்தை விதிகளிலும் தெளிவாக எழுதிச் சேர்க்க வேண்டியது தமிழக அரசின் கடமை.