கல் பட்ட கண்ணாடி

போன சித்திரையில் மதுரையிலிருந்து திருநெல்வேலிக்கு வந்துகொண்டிருந்தேன். கயத்தாறு தாண்டியதும், முன்னால் போன டிப்பரின் சக்கரத்திலிருந்து ஒரு ஜல்லித்துண்டு தெறித்து காரின் முன்கண்ணாடியில் விழுந்தது. 'டக்'கென்று ஒரு சத்தம். ஐம்பது பைசா அகலத்துக்கு ஒரு நட்சத்திரம். வண்ணார்பேட்டையில் கண்ணாடி வேலை பார்க்கும் அண்ணாச்சிக்குப் போன் போட்டேன்.

"தண்ணி ஊத்திக் கழுவிராதிய. ஏசிய கண்ணாடிப் பக்கம் திருப்பிராதிய. மேல ஒரு டேப்ப ஒட்டிட்டு நேரா இங்க வாங்க" என்றார்.

இந்த மூன்று சொல்லுக்கும் பின்னால் நூறு வருடக் கதை இருக்கிறது. கணக்குப்படி இருக்க வேண்டிய வலுவில் சிறு பங்குகூட நிஜக் கண்ணாடியில் ஏன் இல்லை என்ற கேள்விக்கு ஏ.ஏ. கிரிஃபித் என்ற ஆங்கிலப் பொறியாளர் 1921இல் வெளியான கட்டுரையில் பதில் சொன்னார். கண்ணாடி முழுக்கக் கண்ணுக்குத் தெரியாத கீறல்கள் இருக்கின்றன. தாங்கவேண்டிய விசையெல்லாம் கீறலின் நுனியில் போய்க் குவிகிறது. அதனால் எவ்வளவு பெரிய கண்ணாடி என்பதைவிட, விரிசலின் நுனி எங்கே நிற்கிறது என்பதே முக்கியம். அந்த நுனியில் ஈரம் சேர்ந்தால் சிலிக்கனுக்கும் ஆக்சிஜனுக்கும் இடையிலான பிணைப்பு மெல்ல அறுபடும். சித்திரை வெயிலில் காய்ந்த கண்ணாடியில் ஏசிக் காற்று பட்டால், உள்பக்கம் சுருங்க, வெளிப்பக்கம் விரிந்தபடி நிற்க, விரிசல் ஓடத் தொடங்கிவிடும்.

அண்ணாச்சி நட்சத்திரத்தின் மேல் ஒரு சிறு கருவியை உறிஞ்சுகிண்ணத்தால் பொருத்தினார். முதலில் விரிசலுக்குள் இருந்த காற்றை இழுத்தார். பிறகு தண்ணீர் மாதிரி இளகிய ரெசினை அழுத்தி உள்ளே செலுத்தினார். புறஊதா விளக்கைக் காட்டியதும் சில நிமிடங்களில் அது இறுகியது. ரெசினும் ஏறக்குறைய கண்ணாடி அளவுக்கே ஒளியை வளைப்பதால் நட்சத்திரம் மங்கிப்போயிற்று. உற்றுப் பார்த்தால் ஒரு தழும்பு தெரியும். அமெரிக்காவில் 1970களில் தொழிலாக வளர்ந்த முறை இது. டிரைவரின் பார்வைக்கு நேர் எதிரே இருந்தாலோ, விரிசல் ஓரத்தைத் தொட்டுவிட்டாலோ, உள்தகடும் உடைந்திருந்தாலோ கண்ணாடியை மாற்றத்தான் வேண்டும்.

உள்தகடு என்று சொல்வதற்குக் காரணம், முன்கண்ணாடி ஒன்றல்ல, இரண்டு. நடுவே ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான பிளாஸ்டிக் படலம். 1903இல் எதுவார் பெனடிக்டஸ் என்ற பிரெஞ்சுக்காரரின் ஆய்வறையில் ஒரு குடுவை விழுந்து, உடைந்தும் சிதறாமல் கிடந்ததாம். உள்ளே காய்ந்துபோன செல்லுலோஸ் நைட்ரேட் சில்லுகளைப் பிடித்து வைத்திருந்தது. 1909இல் அவர் இதற்குக் காப்புரிமை வாங்கினார். கல்லடி வெளித்தகட்டோடு நின்றுவிடுவதால்தான் ஒட்டுப்போடவே முடிகிறது.

எல்லாக் கண்ணாடிக்கும் இது நடக்காது. நான் சின்ன வயதில் பார்த்த பஸ் கண்ணாடிகள் அடிபட்டால் கல்கண்டு மாதிரி மொத்தமாக உதிரும். 600 டிகிரிக்கு மேல் காய்ச்சி, காற்றடித்துச் சட்டென்று குளிரவைத்த டஃபண்ட் கண்ணாடி அது. மேல்புறம் இறுகி, உள்ளே இழுவிசை அடைபட்டிருக்கும். வெளியே கம்பீரமாகத்தான் தெரியும். ஒரு கல் ஆழமாகக் குத்தினால் அவ்வளவுதான். ஒட்டுப்போட எதுவும் மிஞ்சாது.

எங்கள் பக்கத்தில் பஸ் கண்ணாடி என்றாலே 1997தான் ஞாபகம் வரும். எனக்கு ஏழெட்டு வயது. முன்பக்கம் கம்பிவலை கட்டிய பஸ்ஸில் டிரைவர் குனிந்து குனிந்து ரோட்டைப் பார்த்து ஓட்டினார். எதற்கு வலை என்று கேட்டபோது அப்பா, "பேசாம வா" என்றார்.

காரணம் பிறகுதான் தெரிந்தது. திருநெல்வேலியில் பல வருடங்களாகக் கட்டபொம்மன் பெயரில் பஸ்கள் ஓடின. எந்தப் பிரச்சினையும் இல்லை. 1997இல் விருதுநகரைத் தலைமையிடமாகக் கொண்டு புதிய கழகம் ஒன்றை அரசு தொடங்கி, அதற்கு வீரன் சுந்தரலிங்கம் பெயரை வைத்தது. அதே கட்டபொம்மனின் தளபதியாகப் போற்றப்படுபவர், தேவேந்திரர் சமூகத்தவர். அந்தப் பெயர் எழுதிய பஸ்ஸில் ஏறமாட்டோம் என்று ஆதிக்க சாதியினர் சிலர் கிளம்பினார்கள். கல் பறந்தது. தென்மாவட்டங்களில் உயிர்களும் போயின. என் கார் அடிபட்ட இடத்துக்குப் பக்கத்தில், கயத்தாறில்தான் 1799இல் கட்டபொம்மனைத் தூக்கில் போட்டார்கள். ஒரே போரில் நின்றவர்கள். இருநூறு வருடம் கழித்து அரசன் பெயரில் ஏறியவர்களுக்குத் தளபதி பெயரில் ஏற முடியவில்லை.

அந்த ஜூலையில் அரசு எல்லாப் போக்குவரத்துக் கழகங்களிலிருந்தும், மாவட்டங்களிலிருந்தும் தலைவர்கள் பெயரை எடுத்துவிட்டது. நெல்லை கட்டபொம்மன் மாவட்டம் மறுபடி திருநெல்வேலி ஆனது. கல்லெறிதல் ஓய இது உதவியிருக்கலாம். ஆனால் பஸ்ஸின் பக்கவாட்டில் பெயின்ட் அடித்தால் விரிசலின் நுனி நின்றுவிடுமா? ஏறமாட்டேன் என்று சொன்னவரிடம் ஏன் என்று கேட்காமலே, எல்லோருக்கும் பொதுவாக ஒரு பெயரை மாட்டிவிட்டோம்.

வேலை முடிந்ததும் அண்ணாச்சி கண்ணாடியைத் துடைத்து, தழும்பின் மேல் விரலால் ஒரு தட்டு தட்டினார்.

"நூறு ரூவா அளவுக்குப் பெருசானப்பொறவு வாராவ. முதநாளே வந்திருந்தா முடிஞ்சிருக்கும். அழுக்கும் தண்ணியும் உள்ள போயிட்டா ரெசின் புடிக்காது, தம்பி."