கூடாரத்துக்குள்ள யாருக்கு இடம்?

குளிர்காலம் வந்தா செம்பரம்பாக்கம், ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கத்து அபார்ட்மென்ட் வாட்ஸ்அப் குரூப்புகள்ல ஒரு கேள்வி கண்டிப்பா வரும்: "எல்லாரும் சேர்ந்து கேம்ப் போலாமா? பசங்களையும் கூட்டிட்டு வரலாமா?" உடனே டென்ட், கொசு, டாய்லெட்னு பேச்சு போயிடும். இன்னைக்கு எபிசோட்ல அதுக்கு முன்னாடி வர வேண்டிய ஒரு கேள்வியைப் பார்க்கப் போறோம். "பசங்களை"ன்னு சொல்றோமே, யாரோட பசங்களை? முகாம்களோட வரலாறு முழுக்க இந்தக் கேள்விதான் ஓடிக்கிட்டு இருக்கு.

1907 ஆகஸ்ட். இங்கிலாந்தின் தெற்குக் கரையை ஒட்டி பிரவுன்சீ என்று ஒரு சின்னத் தீவு. ராணுவ அதிகாரி ராபர்ட் பேடன்-பவல் சுமார் 20 பையன்களை அங்கே ஒரு வாரம் கூடாரத்தில் தங்க வைக்கிறார். பாதிப் பேர் பணக்காரப் பள்ளிகளில் படிக்கிறவங்க. மீதிப் பேர் சாதாரண உழைப்பாளி வீட்டுப் பிள்ளைங்க. வர்க்க வேறுபாடு ஊறிப்போன இங்கிலாந்தில் இது லேசான விஷயம் இல்லை. எல்லாரையும் கலந்து ஓநாய், காளை, கோட்டான், காகம் என நாலு அணியாகப் பிரிச்சார். ஒவ்வொரு அணிக்கும் ஒரு பையனே தலைவன். சாரணர் இயக்கம் இங்கேதான் முளைவிட்டது.

இதுல ஒரு இந்தியத் தொடர்பும் இருக்கு. 1876-ல் இளம் அதிகாரியா லக்னோவுக்கு வந்தவர்தான் இந்த பேடன்-பவல். தடம் பார்ப்பது, வேவு பார்ப்பது, வெட்டவெளியில் தங்குவது என்று சிப்பாய்களுக்கு அவர் சொல்லிக்கொடுத்த பல பயிற்சிகள் இந்தியாவில் இருந்தபோது உருவானவை. ஆனா 1909-ல் பெங்களூரில் இந்தியாவின் முதல் சாரணர் குழு தொடங்கினப்போ, அதில் சேர ஐரோப்பிய, ஆங்கிலோ-இந்தியப் பிள்ளைகளுக்கு மட்டும்தான் அனுமதி. மண்ணு நம்முது, கூடாரம் மட்டும் நமக்கு இல்லை!

இப்போ சென்னைக்கு வருவோம். செம்பரம்பாக்கம் ஏரி நிரம்பினா உபரி நீர் அடையாறுல கலக்கும்னு உங்களுக்குத் தெரியும். அந்த ஆறு கடலைத் தொடுற இடத்துக்குப் பக்கத்தில்தான் பிரம்மஞான சபையின் தலைமையகம். பிரவுன்சீ முகாம் நடந்த அதே 1907-ல் அந்தச் சபைக்குத் தலைவரானவர் அன்னி பெசன்ட். இந்தியப் பிள்ளைகளுக்குக் கதவு மூடியிருக்குன்னா புதுசா ஒரு கதவையே வைப்போம்னு ஜி.எஸ். அருண்டேலோட சேர்ந்து 1917-ல் இந்தியச் சிறுவர் சாரணர் சங்கத்தைத் தொடங்கினாங்க. அதே வருஷம்தான் தன்னாட்சிக் கோரிக்கைக்காக இரண்டு பேரையும் அரசு ஊட்டியில் காவலில் வெச்சது. அந்தச் சங்கத்துப் பையன்கள் தலையில் இந்தியத் தலைப்பாகை, வாயில் இந்தியப் பாட்டு. "இந்த முகாம் எங்களுக்கும் சொந்தம்"னு சொன்ன விதம் அது.

1921-ல் பேடன்-பவல் இந்தியா வந்தப்போ பெசன்ட்டின் சங்கம் அவரோட இயக்கத்தில் இணைந்தது. ஆனா உரசல் தீரலை. 1937-ல் டெல்லியில் நடந்த அகில இந்தியப் பெருந்திரளணிக்கும் அவர் வந்தார். அதை ஒட்டி இந்தியர்களைப் பற்றி அவர் சொன்ன ஒரு கருத்து பலரைக் கொதிக்க வெச்சது. பலர் வெளியேறினாங்க, 1938-ல் இந்துஸ்தான் சாரணர் சங்கம் உருவானது. விடுதலைக்குப் பிறகு, 1950 நவம்பர் 7 அன்று, பிரிந்து கிடந்த அமைப்புகள் ஒன்றாகி பாரத சாரண சாரணியர் இயக்கம் ஆனது. 1951-ல் பெண்கள் அமைப்பும் அதில் சேர்ந்தது. 5 வயதிலிருந்து 10 வரை குருளையர், நீலப்பறவையர். 10-க்கு மேல் சாரணர், சாரணியர்.

இந்தக் கதையின் ஒரு அத்தியாயம் நம்ம மாநிலத்திலேயே நடந்தது. இயக்கத்தின் வைரவிழாப் பெருந்திரளணி 2025 ஜனவரி 28 முதல் பிப்ரவரி 3 வரை மணப்பாறையில் நடந்துச்சு. எங்கே தெரியுமா? சிப்காட் வளாகத்தில். நம்ம ஏரியாவில் சிப்காட்னு சொன்னா ஷிப்ட் பஸ்தான் ஞாபகம் வரும். அங்கே ஒரு வாரம் நாட்டின் பல மாநிலங்களிலிருந்து வந்த ஆயிரக்கணக்கான பிள்ளைங்க கூடாரம் போட்டுத் தங்கினாங்க.

அந்தத் தேதியையும் கவனிங்க. தை மாசத்தின் பின்பாதி. நம்ம ஊர்ல குளிர்காலத்தின் முதல் பாதி மழைக்காலம்தான். அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. செம்பரம்பாக்கம் ஏரியின் முழு ஆழம் 24 அடி, கொள்ளளவு 3,645 மில்லியன் கன அடி. அது நிரம்பி வழியுற நேரத்தில் என்ன ஆகும்னு 2015 டிசம்பர் 1 ராத்திரி சென்னைக்கே தெரிஞ்சது. அதனால கார்த்திகையில் ஏரிக்கரை ஓரமா, வாய்க்கால் ஓரமா பிள்ளைகளைப் படுக்க வைக்கிற எண்ணமே வேண்டாம். பொங்கல் முடியட்டும்.

தை மாசத்தில் மழை போய் பனி இருக்கும். நம்ம குளிர் என்ன பெரிய குளிர்னு பெரியவங்க நினைப்போம். ஆனா உடல் எடையோடு ஒப்பிட்டா குழந்தைகளுக்குத் தோலின் பரப்பு அதிகம், அதனால சூட்டைச் சீக்கிரம் இழப்பாங்க. போர்வை மேலே எத்தனை இருக்குங்கறது மாதிரியே, கீழே என்ன விரிச்சிருக்கோம்ங்கறதும் முக்கியம். தரை சூட்டை உறிஞ்சும். பாய்க்கு அடியில் ஒரு தார்ப்பாய், பாய்க்கு மேல ஒரு ஜமக்காளம். ராத்திரி பனியில் நனைஞ்ச சட்டையோட தூங்க விடாதீங்க.

இன்னொரு விஷயம் பிரவுன்சீயிலிருந்தே எடுத்துக்கலாம். ஆறேழு பிள்ளைகளுக்கு ஓர் அணி, அதுக்குள்ள பெரிய பிள்ளை ஒண்ணு தலைவர். தண்ணி யார் பிடிக்கிறது, விறகு யார் பொறுக்கறதுன்னு அவங்களே பிரிச்சுக்கட்டும். பெரியவங்க பார்வை எட்டுற தூரத்தில் இருந்தா போதும். முப்பது பிள்ளைங்களை ஒருத்தர் எண்ணிக்கிட்டே இருக்கறதைவிட, ஏழு பேர் ஒருத்தரை ஒருத்தர் தேடிக்கறது பாதுகாப்பு.

இப்போ அந்த முதல் கேள்வி. இங்கே ஒரே தெருவில் கார் கம்பெனி மேனேஜர் வீடும் இருக்கு, ஒப்பந்தத் தொழிலாளி வாடகைக்கு இருக்கிற ஒத்த ரூமும் இருக்கு. பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்த குடும்பங்கள் இருக்கு. தலைக்கு இவ்வளவுன்னு பணம் கட்டிப் போற ரிசார்ட் கேம்ப்ல இந்தப் பிள்ளைங்க ஒருத்தரை ஒருத்தர் பார்க்கப் போறதே இல்லை. கதவுல போர்டு எதுவும் மாட்டலை. ஆனாலும் 1909 மாதிரியேதான் ஆகுது.

அதனால அடுத்த தடவை குரூப்புல லிஸ்ட் போடறப்போ, தெருமுனை அரசுப் பள்ளியில் சாரணர் குழு இருக்கான்னு ஒரு தடவை விசாரிங்க. இருந்தா அவங்களோட சேர்ந்து போங்க. வாட்ச்மேன் வீட்டுப் பிள்ளைக்கும், மாடியில் வேலை பார்க்கிற அக்கா பொண்ணுக்கும் ரெண்டு இடம் சேர்த்து எழுதுங்க. கூடாரத்துல இன்னும் நாலு பேருக்கு எப்பவும் இடம் இருக்கும்.