பன்றிகளில் வெப்ப அயர்ச்சி

வெப்ப அயர்ச்சி என்பது, உடலுக்குள் உண்டாகும் சூட்டையும் வெளியிலிருந்து ஏறும் சூட்டையும் போக்க முடியாமல் விலங்கு தடுமாறும் நிலையாகும். பன்றியின் வியர்வைச் சுரப்பிகள் உடலைக் குளிர்விக்கும் அளவுக்கு இயங்காமையால், மூச்சிரைத்தும் ஈரத்தில் புரண்டுமே அது தன் உடல் வெப்பத்தைச் சுமார் 39 பாகை செல்சியசில் நிறுத்திக்கொள்கிறது. நீர் கிடைக்காத கொட்டிலில் அது சொந்தச் சிறுநீரிலும் சாணத்திலும் கிடப்பது அழுக்கின் மேல் உள்ள விருப்பத்தால் அன்று, வேறு ஈரம் இல்லாமையால்தான்.

இலங்கையில் பன்றி வளர்ப்பு புத்தளம் முதல் கொழும்பு வரையான மேற்குக் கரையோரத்தில் செறிந்துள்ளது. பதுளை மாவட்டத்தில் அது சிறு அளவிலேயே நடைபெறுகிறது. எனினும் அங்குள்ள பசறை போன்ற மலைப்பகுதிகளுக்கு வெப்ப அயர்ச்சிச் சிக்கல் இல்லை என எண்ணுவது தவறு. தென்மேற்குப் பருவக்காற்று மத்திய மலைகளின் மேற்குச் சரிவில் மழையைப் பொழிந்துவிட்டு வறண்ட கச்சான் காற்றாகப் பதுளை அடங்கிய ஊவாவில் இறங்கும் ஜூன் முதல் செப்டம்பர் வரையான காலத்தில், தேயிலைக்கு மணமூட்டும் அதே வறட்சி, தாழ்ந்த தகரக் கூரையின் கீழ் அடைபட்ட சினைப் பன்றியை வாட்டுகிறது.

சூடேறிய பன்றி தீனியைக் குறைக்கிறது. பாலூட்டும் தாய்க்குப் பால் வற்றி, குட்டிகள் மெலிகின்றன. குருதி தோலை நோக்கித் திருப்பப்படுவதால் குடலுக்குப் போதிய உயிர்வளி சேராது, குடற்சுவர் தளர்ந்து, நுண்ணுயிர் நச்சுகள் உடலுக்குள் கசிகின்றன. கடாப் பன்றியில் விந்து உருவாகி முதிர ஆறு வாரங்கள் அளவில் ஆவதால், மழை தொடங்கிய பின்னரும் சில வாரங்களுக்குச் சினைப்பிடிப்பு குன்றியே இருக்கும்.

இவற்றைவிடக் கவலைக்குரியது கருவில் ஏற்படும் பாதிப்பு. சினைக்காலம் சுமார் 114 நாள். முதல் மாதத்தில் தாக்கும் வெப்பம் கருக்களை அழிக்கக்கூடும். ஈனும் தறுவாயில் தாக்குவது செத்துப் பிறக்கும் குட்டிகளைக் கூட்டும். உயிருடன் பிறப்பவையும் தப்புவதில்லை. அமெரிக்காவில் நடந்த ஆய்வுகளில், வெப்பத்துக்கு உட்பட்ட தாயின் குட்டிகள் பிறந்த பின்னும் சற்றே உயர்ந்த உடல் வெப்பத்துடன் வாழ்ந்ததும், கொழுக்கும் பருவத்தில் தசையைக் குறைத்துக் கொழுப்பைக் கூடுதலாகச் சேர்த்ததும், ஆண் குட்டிகள் வளர்ந்தபின் குறைந்த அளவு விந்தணுக்களையே உண்டாக்கியதும் கண்டறியப்பட்டன. ஜூன் இறுதியில் சினைப்பட்ட பன்றி ஒக்டோபர் மழையில் ஈனுகிறது. குளிரில் பிறந்த குட்டியின் குறைக்குக் கச்சானைக் காரணமாக எவரும் கருதுவதில்லை, தீனியின் மேலோ இனத்தின் மேலோ பழி விழுகிறது.

தகரத்தின் மேல் மானாப் புல் வேய்தல், மேற்குப் பக்கத்தில் கிளிசரிடியா நடுதல், அதிகாலையிலும் இரவிலும் தீனியிடல், தடையின்றித் தண்ணீர் தருதல், தாயின் பிடரியில் நீர் சொட்டவிடல் ஆகியன செலவு குறைந்த காப்புகள். ஆனால் புதிதாய்ப் பிறந்த குட்டிக்கு 32 பாகைக்கு மேற்பட்ட இளஞ்சூடு தேவைப்படுவதால், ஈனும் கொட்டிலில் அதற்குத் தனி மூலை அமைத்தாக வேண்டும். சினைப்படுத்திய நாள் எழுதிவைக்கப்படாத கொட்டிலில் கருவின் பாதிப்பை அடையாளங்காண வழியில்லை. பதுளையில் 2005இல் நிறுவப்பட்ட ஊவா வெல்லஸ்ஸப் பல்கலைக்கழகத்தில் விலங்கு விஞ்ஞானம் கற்பிக்கப்படுகிறது. தோட்டப்புறக் கொட்டில்களின் வெப்பத்தை அளந்து, ஈற்றுக் கணக்குடன் ஒப்பிடும் பணிக்கு அதுவே பொருத்தமான இடம்.