அபிப்பிராயத்துக்குப் போன பிரதி

அச்சேறியதைத் திருடுவது இலக்கிய வழக்கம். விஞ்ஞானப் பத்திரிகையில் அச்சேறுமுன்பே திருடலாம். ஆசிரியரே பிரதியை அனுப்பிவைக்கிறார்.

1978இல் அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனத்தில் இருந்த ஹெலேனா வாக்ஸ்லிக்ட்-ரோட்பார்ட், அனொரெக்ஸியா நோயில் இன்சுலின் பற்றிய கட்டுரையை ந்யூ இங்லண்ட் ஜர்னல் ஆஃப் மெடிஸினுக்கு அனுப்பினார். பிரதி அபிப்பிராயத்துக்காக யேல் பல்கலைக்கழகத்தின் ஃபிலிப் ஃபெலிக்கிடம் போயிற்று. நிராகரிக்கலாம் என்றார் அவர். அவரிடம் பணியாற்றிய விஜய் சோமன் அதன் வாக்கியங்களை எடுத்து, இருவர் பெயரிலும் ஒரு கட்டுரையை அமெரிக்கன் ஜர்னல் ஆஃப் மெடிஸினுக்கு அனுப்பினார். அது அபிப்பிராயத்துக்குப் போன இடம், ரோட்பார்டின் மேலதிகாரியின் மேஜை. தன் வாக்கியங்களையே அவர் படிக்க நேர்ந்தது.

1979 தொடக்கத்தில் புகார் செய்தார். அவர் கட்டுரை அவ்வாண்டே வந்தது. விசாரணை மட்டும் யேலின் பொறுப்பாயிற்று. சோமன் கட்டுரையும் 1980 ஜனவரியில் அச்சேறியது. பிப்ரவரியில் வெளியாள் ஒருவர் குறிப்பேடுகளைத் தணிக்கை செய்தபோதுதான் எண்களுக்கும் ஆதாரமில்லை என்று தெரிந்தது. சோமன் பதவி விலகினார், கட்டுரைகள் வாபஸாயின. ரோட்பார்ட் அதற்குள் ஆய்வுக்கூடத்தை விட்டு மருத்துவமனைப் பணிக்குப் போயிருந்தார்.

திருடக் கொடுத்ததும் காட்டிக்கொடுத்ததும் ஒரே முறை, இரண்டாவது தற்செயல். பிரிட்டிஷ் பத்திரிகை ஆசிரியர்கள் நெறிக் குழு ஒன்றை அமைத்தது 1997இல். சந்தேகம் வந்தால் சம்பந்தப்பட்ட ஸ்தாபனத்துக்கு எழுது என்கிறது அதுவும். அதாவது, மறுபடியும் யேலுக்கு.