பட்டம் போன பின்னும் மட்டை இருந்தது

கள்ளக்குறிச்சியிலிருந்து கச்சிராயபாளையம் வழியாகப் போய், கோமுகி அணையைக் கடந்து ஏறினால் கல்வராயன் மலை. கரியாலூர், வெள்ளிமலை என விரியும் இந்த மலைநாட்டைத் தலைமுறை தலைமுறையாக ஆண்டவர்கள் சடையக் கவுண்டர், குரும்பக் கவுண்டர், ஆரியக் கவுண்டர் என்ற மூன்று ஜாகீர்தார்கள். மலையாளிப் பழங்குடிகள் அவர்களுக்கு வரி கட்டினார்கள், கூலியில்லாமல் உழைத்தார்கள். நாடு விடுதலை பெற்று 29 ஆண்டுகள் கழித்து, 1976இல்தான் இங்கே ஜாகீர் ஆட்சி முடிந்தது.

சமஸ்தான மன்னர்களின் பட்டம் அதற்கு ஐந்தாண்டு முன்பே பறிபோயிருந்தது. பட்டத்தை இழந்தவர்களில் ஒருவர் கிரிக்கெட் வீரரான பட்டோடி நவாப் மன்சூர் அலிகான்.

1952இல் அவருடைய 11ஆவது பிறந்தநாள் அன்றே தந்தை இறந்தார். சிறுவனுக்கு நவாப் பட்டம் வந்தது. 1961 ஜூலையில் இங்கிலாந்தில் நடந்த கார் விபத்தில் வலது கண் பார்வை போனது. ஒரு பந்து இரண்டாகத் தெரிந்தது. தொப்பியை வலக்கண்மேல் இழுத்துவிட்டுக்கொண்டு ஆடப் பழகினார். ஆறே மாதத்தில், 1962 ஜனவரியில், சென்னை டெஸ்டில் 103 ரன் அடித்தார். அந்த வெற்றியோடு இங்கிலாந்துக்கு எதிரான தொடரை இந்தியா முதன்முறையாகக் கைப்பற்றியது. இரண்டு மாதம் கழித்து, 21 வயதில், அவரே அணித் தலைவர். 1968இல் நியூசிலாந்தில், அந்நிய மண்ணில் இந்தியாவின் முதல் தொடர் வெற்றியும் அவர் தலைமையில்தான் வந்தது.

1971 அவரிடமிருந்து எல்லாவற்றையும் கேட்ட ஆண்டு. ஜனவரியில் தலைமை வடேகருக்குப் போனது. மன்னர் மானிய ஒழிப்பை எதிர்த்து, மார்ச் தேர்தலில் விஷால் ஹரியானா கட்சி சார்பில் குர்கானில் நின்றார், படுதோல்வி. டிசம்பரில் அரசியலமைப்பின் 26ஆவது திருத்தம் பட்டத்தையும் மானியத்தையும் ஒழித்தது. இருபது ஆண்டுக்குப் பிறகு, தாய்வழிப் பாட்டனார் ஆண்ட போபாலில் காங்கிரஸ் வேட்பாளராக நின்றார். அங்கும் மக்கள் வேறொருவரைத் தேர்ந்தெடுத்தார்கள்.

ஆனால் 1973 ஜனவரியில், அதே சென்னைக்கு மன்சூர் அலிகான் என்ற வெறும் பெயரோடு திரும்பிவந்தார். சேப்பாக்கத்தில் 73 ரன்; அந்த இன்னிங்ஸில் இந்திய அணியின் அதிகபட்ச ரன் அவருடையதே. இந்தியா வென்றது.

அவருடைய ஆட்டத்தைக் கொண்டாடும் நான், அவர் காக்க நினைத்த மானியத்துக்காக ஒருபோதும் வருந்தமாட்டேன். வெள்ளிமலைப் பாதையில் நிற்கும்போது அதன் காரணம் எனக்குத் தெளிவாகிறது. பரம்பரை உரிமை என்ற சொல்லுக்கு இந்த மலைமக்கள் கொடுத்த விலை, கூலியில்லாத உழைப்பு. ஒற்றைக் கண்ணோடு அவர் சம்பாதித்த ரன்களுக்கு யாரும் அப்படி விலை கொடுக்கவில்லை.

அடுத்த வாரம்: விஜயநகரம் மகாராஜ்குமார்.

(தொடரும்)