மூடிய கோப்பும் மறுக்கப்பட்ட உயர்வும்: இந்திய அரசுப் பணியில் பதவி உயர்வுப் பாகுபாட்டை மெய்ப்பித்த வரலாறு

பதவி உயர்வுப் பட்டியலில் தனக்குப் பின்னால் பணியில் சேர்ந்தவரின் பெயர் இருந்து, தன் பெயர் விடுபட்டிருந்தால் ஓர் ஊழியர் முதல் முறை தன்னையே கேள்வி கேட்டுக்கொள்வார். அடுத்தடுத்த ஆண்டுகளிலும் அதுவே நடந்தால், சாதியா, பாலினமா, மதமா, உடற்குறையா, எது தன்னைத் தடுக்கிறது என்ற சந்தேகம் எழுவது இயல்பு. அந்தச் சந்தேகத்தை நீதிமன்றத்தில் நிறுவுவதுதான் கடினம். பாகுபாடு நடந்தது என்று சொல்பவரே அதை மெய்ப்பிக்க வேண்டும் என்கிறது சட்டம். மெய்ப்பிக்கத் தேவையான தாள்களோ, யார்மீது குற்றம் சாட்டப்படுகிறதோ அவருடைய அலமாரியில் இருக்கின்றன. இந்திய அரசுப் பணியில் பதவி உயர்வு குறித்த வழக்குகளைக் கால வரிசையில் படித்தால் ஒன்று தெளிவாகிறது. சமத்துவ உரிமை 1950 முதலே ஏட்டில் இருந்தது. ஆனால் கோப்பு எந்த அளவுக்குத் திறந்ததோ அந்த அளவுக்கே அது ஊழியரின் கைக்கு எட்டியது. கோப்பு மூடிய காலங்களில் உரிமையும் பெயரளவில் நின்றது.

உரிமைப் பிரகடனம் மட்டும் போதாது என்பதற்குக் காலனிய ஆட்சியே முதல் சான்று. 1833ஆம் ஆண்டின் பட்டயச் சட்டம் அதன் 87ஆம் பிரிவில், மதம், பிறந்த இடம், வம்சம், நிறம் ஆகியவற்றை மட்டும் காரணமாக்கி எந்த இந்தியருக்கும் கிழக்கிந்தியக் கும்பினி ஆட்சியில் பதவி மறுக்கப்படலாகாது என்றது. உயர் பதவிகள் அதன் பிறகும் பல பத்தாண்டுகள் ஐரோப்பியர் கையிலேயே இருந்தன. மறுத்தவர்கள் ‘நிறம்’ என்று எங்கும் எழுதத் தேவைப்படவில்லை. ‘தகுதி போதாது’ என்று எழுதினால் போதும். விடுதலைக்குப் பின் அரசமைப்பின் 16ஆம் உறுப்பு பொது வேலைவாய்ப்பில் சம வாய்ப்பை உறுதி செய்து, சாதி, பால், மதம் முதலியவற்றின் பெயரால் பாகுபாடு காட்டுவதைத் தடை செய்தது. பதவி உயர்வும் அந்த வேலைவாய்ப்புக்குள் அடங்கும் என்பதை நீதிமன்றங்கள் ஏற்றன. ஆனால் 1967இல் சந்த் ராம் சர்மா வழக்கில், தேர்வுநிலைப் பதவிகளுக்குப் பணிமூப்பு மட்டுமே அளவுகோல் ஆகாது, தகுதியை அரசு எடைபோடலாம் என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இது நியாயமான நிலைப்பாடே. மூப்பு ஒன்றையே பார்த்தால் உழைப்பவருக்கும் உழைக்காதவருக்கும் வேறுபாடு இல்லாமல் போகும். ஆயினும் அந்தத் தீர்ப்போடு ‘தகுதி’ என்ற சொல்லுக்குள் என்னென்ன நுழையலாம் என்ற கேள்வி விடையின்றித் தொக்கி நின்றது.

அந்தக் கேள்வி 1973இல் எம். எல். கபூர் வழக்கில் நேரடியாக எழுந்தது. அகில இந்தியப் பணிக்கு மாநில அதிகாரிகளைத் தேர்ந்தெடுக்கும் விதிகள், மூத்தவர் ஒருவரைத் தாண்டி இளையவரைத் தேர்ந்தால் காரணத்தைப் பதிவு செய்ய வேண்டும் என்றன. தேர்வுக் குழுவோ விடுபட்ட எல்லோருக்கும் ஒரே வாசகத்தை மந்திரம்போல் எழுதி வைத்திருந்தது. தேர்ந்தெடுக்கப்பட்டவர்களைவிட இவர்களுக்கு முன்னுரிமை தரும்படி பணிப்பதிவு அமையவில்லை என்பதே அதன் சாரம். இது காரணம் ஆகாது, முடிவை வேறு சொற்களில் திரும்பச் சொல்வதே என்று உச்ச நீதிமன்றம் அதை ஏற்க மறுத்தது. விடுபட்டவருக்குக் கிடைத்த பெரிய வெற்றி இது. அதன் ஆயுள் குறைவு. 1977இல் விதிகள் திருத்தப்பட்டு, காரணம் எழுத வேண்டும் என்ற கட்டாயமே நீக்கப்பட்டது. 1986இல் ஆர். எஸ். தாஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் அந்தத் திருத்தத்தை ஏற்றுக்கொண்டது. தரவரிசைப்படி வகைப்படுத்துவதே போதிய காப்பு, ஒவ்வொருவருக்கும் தனிக் காரணம் தேவையில்லை என்றது. என் பார்வையில், பதவி உயர்வுச் சட்ட வரலாற்றின் மிகப் பெரிய பின்னடைவு இதுவே. வகைப்பாடு காரணத்தைத் தாங்கி நிற்பதில்லை. ஒருவரை ‘மிக நன்று’ என்றும் மற்றவரை ‘நன்று’ என்றும் பிரித்தது எது என்பதைத்தான் விடுபட்டவர் அறிய விரும்புகிறார்.

இதற்கு இடையில் வந்தது சி. பி. முத்தம்மாவின் வழக்கு. குடகில் பிறந்து, சென்னை மகளிர் கிறித்தவக் கல்லூரியிலும் மாநிலக் கல்லூரியிலும் படித்தவர் அவர். இந்திய வெளியுறவுப் பணியின் முதல் பெண் அதிகாரி. பணியின் உச்ச நிலைக்கான உயர்வு தகுதிக் குறைவு என்ற பெயரில் மறுக்கப்பட்டபோது, 1979இல் உச்ச நீதிமன்றம் சென்றார். அவர் கையில் ஒரு வலுவான சான்று இருந்தது. 1961ஆம் ஆண்டின் விதிகளில் ஒன்று, பெண் அதிகாரி திருமணம் செய்ய எழுத்துப்பூர்வமாக அனுமதி பெற வேண்டும் என்றது. குடும்பப் பொறுப்பு பணிக்கு இடையூறு என்று அரசு கருதினால் மணமான பின் அவர் பதவி விலக நேரிடும் என்றது. மற்றொன்று, மணமான பெண் இப்பணியில் நியமனத்தை உரிமையாகக் கோர முடியாது என்றது. ஆண்களுக்கு இவ்வாறு எந்த விதியும் இல்லை. வழக்கு நடக்கும்போதே அரசு அவருக்குப் பதவி உயர்வு தந்தது. இரண்டாவது விதி 1973இலேயே நீக்கப்பட்டது என்றும் முதலாவதும் நீக்கப்படும் என்றும் அரசு தெரிவித்தது. நீதிபதி கிருஷ்ணய்யர் அமர்வு அந்த விதிகளைக் கடுமையாகச் சாடிவிட்டு, உயர்வு கிடைத்துவிட்டதால் மனுவைத் தள்ளி, இழந்த பணிமூப்பை மறுபரிசீலிக்குமாறு கூறியது. இந்த வழக்கு பெண்ணுரிமையின் மைல்கல்லாகக் கொண்டாடப்படுகிறது, அது தகும். ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அச்சில் ஏறிய விதி இருந்ததால்தான் பாகுபாடு கண்ணுக்குத் தெரிந்தது. சில மாதங்களுக்கு முன் இல்லை என்று சொல்லப்பட்ட தகுதி வழக்குக்குப் பின் எங்கிருந்து வந்தது என்பதை யாரும் ஆராயவில்லை. விதிகள் திருந்திய பின் அதே மனச்சாய்வு எங்கே தங்கும்? ஆண்டுதோறும் மேலதிகாரி எழுதும் மந்தண அறிக்கையில்தான்.

மந்தண அறிக்கையின் கதவு மெல்ல மெல்லத்தான் திறந்தது. குர்தயாள் சிங் ஃபிஜ்ஜி வழக்கில் 1979இல், ஊழியருக்குத் தெரிவிக்காத பாதகக் குறிப்பைக் கொண்டு பதவி உயர்வை மறுக்கலாகாது என்று கூறப்பட்டது. பாதகம் என்று மேலதிகாரி கருதியவற்றை மட்டும் தெரிவித்தால் போதும் என்பதே அதன் நடைமுறைப் பொருளாயிற்று. 1996இல் உத்தரப் பிரதேச ஜல் நிகம் வழக்கு, தரத்தை முந்தைய ஆண்டைவிடக் குறைப்பதும் பாதகமாகலாம், காரணம் பதிய வேண்டும் என்றது. முழுத் திருப்பம் 2008 மே மாதம் தேவ் தத் வழக்கில் வந்தது. எல்லைச் சாலைகள் அமைப்பின் பொறியாளரான அவருக்கு அடுத்த பதவிக்குச் செல்ல ஐந்து ஆண்டுகளும் ‘மிக நன்று’ வேண்டும். 1993–94ஆம் ஆண்டுக்கு மட்டும் ‘நன்று’ என்று எழுதப்பட்டிருந்தது. அது பாராட்டுச் சொல் என்பதால் அவரிடம் யாரும் தெரிவிக்கவில்லை. அந்த ஒரு சொல்லே அவர் உயர்வைத் தடுத்தது. மார்க்கண்டேய கட்ஜு எழுதிய தீர்ப்பு, எந்தக் குறிப்பானாலும் ஊழியருக்குத் தெரிவிக்க வேண்டும், தெரிவிக்காமை தன்னிச்சையானது, அது அரசமைப்பின் 14ஆம் உறுப்பை மீறுகிறது என்றது. மத்தியப் பணியாளர் துறை 2009 மே மாதம், 2008–09 முதல் முழு மதிப்பீட்டு அறிக்கையையும் ஊழியருக்குக் காட்டி, 15 நாளில் முறையீடு செய்ய இடமளிக்க ஆணையிட்டது. 2013இல் சுக்தேவ் சிங் வழக்கில் மூன்று நீதிபதிகள் அமர்வு தேவ் தத் தீர்ப்பை உறுதிப்படுத்தியது. தேவ் தத்தோ 2008 தீர்ப்பு வருவதற்கு முன்பே ஓய்வு பெற்றிருந்தார். முறையீடு ஏற்கப்பட்டால் முன்தேதியிட்டு உயர்வும் கூடுதல் ஓய்வூதியமும் கிடைக்கும் என்பதே அவருக்குக் கிடைத்த நிவாரணம்.

அறிக்கையைத் திறந்து காட்டுவதற்கு வலுவான மறுப்பு ஒன்று உண்டு. அறிக்கையை ஊழியர் படிப்பார் என்றால் மேலதிகாரி உண்மையை எழுத மாட்டார், எல்லோருக்கும் உயர்ந்த மதிப்பெண் போட்டுத் தப்பித்துக்கொள்வார் என்பது. மதிப்பெண்கள் வீங்குகின்றன என்ற கவலை நிருவாக வட்டாரங்களில் பொதுவாகவே பேசப்படுகிறது. அதை அலட்சியப்படுத்த முடியாது. ஆனால் இதிலிருந்து மந்தணம் வேண்டும் என்ற முடிவு கிடைப்பதில்லை. மந்தணம் நிலவிய காலத்தில் அறிக்கைகள் நேர்மையாக இருந்தன என்பதற்குச் சான்று எங்கே? அவற்றைச் சரிபார்க்க எவருக்கும் வழி இல்லாததால்தானே அவை நேர்மையானவை என்று தோன்றின. மேலும், அரசு இச்சிக்கலுக்குக் கண்ட தீர்வே மந்தணத்தை வேறு அறைக்கு மாற்றியது. 2015க்குப் பின் இணைச் செயலர் மற்றும் அதற்கு மேற்பட்ட பதவிகளுக்கான பட்டியலைத் தயாரிக்க, உடன் பணிபுரிந்தோரிடமும் பிறரிடமும் கருத்துக் கேட்கும் பல்முனை மதிப்பீடு நடைமுறைக்கு வந்தது. யார் என்ன சொன்னார் என்பது அதிகாரிக்குத் தெரியாது. 2017இல் பணியாளர் துறைக்கான நாடாளுமன்ற நிலைக்குழு, இம்முறை வெளிப்படையற்றது, அகவயமானது என்று குறைகூறியது. ஓரிடத்தில் கோப்பைத் திறந்தால் முடிவெடுக்கும் இடம் அங்கிருந்து நகர்ந்துவிடும் என்பதை இது காட்டுகிறது. கண்காணிப்பும் அதைப் பின்தொடர வேண்டும்.

அறிக்கை திறந்திருந்தாலும் அதற்குள் பாகுபாடு குடியிருக்கலாம் என்பதை 2021 மார்ச் மாதத்தின் நிதிஷா தீர்ப்பு நிறுவியது. தரைப்படையில் 1992 முதல் பெண்கள் குறுகிய காலப் பணியில் மட்டுமே சேர்க்கப்பட்டு வந்தனர். 2020இல் பபிதா புனியா தீர்ப்பு அவர்களுக்கும் நிரந்தரப் பணி தர வேண்டும் என்றது. அதைச் செயல்படுத்தியபோது படைத்துறை, அவர்களின் தொடக்க ஆண்டுகளின் மந்தண அறிக்கைகளை எடுத்து, மிகக் குறைந்த மதிப்பெண்ணுடன் தேறிய ஆண் அதிகாரியோடு ஒப்பிட்டது. அந்த அறிக்கைகள் எழுதப்பட்ட நாளில் இந்தப் பெண்களுக்கு மேலே போக வழியே கிடையாது. எதிர்காலம் இல்லாதவருக்கு எழுதும் அறிக்கையில் எழுதுபவர் எவ்வளவு அக்கறை காட்டுவார்? பின்னாளில் அவர்கள் பெற்ற விருதுகளும் சாதனைகளும் கணக்கில் வரவில்லை. ஆண்கள் இளமையில் எட்டிய உடல்தகுதி அளவை இவர்கள் நடுவயதில் எட்ட வேண்டியிருந்தது. யாரும் தீய எண்ணத்தோடு செய்தார்கள் என்று மெய்ப்பிக்கத் தேவையில்லை, நடுநிலையாகத் தோன்றும் அளவுகோல் ஒரு பிரிவினரைத் தள்ளி வைத்தால் அதுவே மறைமுகப் பாகுபாடு என்று நீதிபதி சந்திரசூட் அமர்வு தீர்ப்பளித்தது. அத்தீர்ப்பு எடுத்துப் பேசிய முன்னோடிகளில் ஒன்று அமெரிக்காவின் 1971ஆம் ஆண்டு கிரிக்ஸ் வழக்கு. வட கரோலினாவின் டியூக் மின் நிறுவனத்தில் கறுப்பினத்தவர் கூலிப் பிரிவைத் தாண்ட முடியாதிருந்தனர். பாகுபாட்டைத் தடுக்கும் சட்டம் செயலுக்கு வந்த 1965 ஜூலை 2 அன்றே, பிற பிரிவுகளில் சேர அறிவுத்திறத் தேர்வுகளை நிறுவனம் கட்டாயமாக்கியது. வேலைக்குத் தொடர்பில்லாத அந்தத் தேர்வுகள் செல்லா என்றது அந்நாட்டு உச்ச நீதிமன்றம்.

சாதி விஷயத்தில் இந்தியா வேறொரு வழியையும் நாடியது. தனி ஒருவரை மெய்ப்பிக்கச் சொல்லாமல் எண்ணிக்கையைப் பார்க்கும் வழி அது. சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட தெற்கு ரயில்வேயிலிருந்து எழுந்த ரங்காச்சாரி வழக்கில், 1961இல் 3–2 என்ற பெரும்பான்மையில் பதவி உயர்விலும் இடஒதுக்கீடு செல்லும் என்று தீர்ப்பாயிற்று. 1992இல் இந்திரா சாஹ்னி தீர்ப்பு அதை மறுத்தது. 1995இல் 77ஆம் அரசமைப்புத் திருத்தம் பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் அதை மீட்டது. 2006இல் நாகராஜ் தீர்ப்பு, போதிய பிரதிநிதித்துவம் இல்லை என்பதை அரசு புள்ளிவிவரத்தால் காட்ட வேண்டும் என்றது. இந்த ஏற்பாடு தகுதியைக் குறைக்கிறது என்பவர்கள், தகுதியை எழுதிய பேனா யாரிடம் இருந்தது என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும்.

விடுபட்டவர் எல்லாம் பாகுபாடு என்று கிளம்பினால் நிருவாகம் நடக்குமா என்பது இன்னொரு மறுப்பு. பதவிகள் குறைவு, பலர் விடுபடத்தான் செய்வர், அவர்களில் பலர் நியாயமாகவே விடுபட்டிருப்பர் என்பதில் ஐயமில்லை. ஆனால் நியாயமாக விடுபட்டவரையும் அநியாயமாக விடுபட்டவரையும் பிரித்தறிய உதவுவது காரணம் ஒன்றுதான். காரணம் தரப்பட்டால் பல சந்தேகங்கள் வழக்குக்குப் போகாமலே தீரும்.

இன்று மிஞ்சியிருக்கும் தடைகள் இரண்டு. பாகுபாடு என்பது ஒப்பீட்டில் வெளிப்படுவது. தன் மதிப்பெண்ணை மட்டும் அறிந்தவருக்கு அது பாதி விடையே. 2012இல் கிரீஷ் தேஷ்பாண்டே வழக்கில், பிற ஊழியரின் பணிப்பதிவு தனிப்பட்ட தகவல், பெரும் பொதுநலன் இருந்தாலொழிய தகவல் உரிமைச் சட்டத்தில் கிடைக்காது என்று உச்ச நீதிமன்றம் கூறியது. தனியார் நிறுவனங்களில் நிலைமை இன்னும் மோசம். 16ஆம் உறுப்பு அவற்றைக் கட்டாது. 1976ஆம் ஆண்டின் சம ஊதியச் சட்டத்தில் 1987இல் செய்த திருத்தம், பதவி உயர்வில் பெண்களுக்குப் பாகுபாடு காட்டுவதை வெளிப்படையாகத் தடுத்தது. அதற்கு மாற்றாக 2019இல் இயற்றிய ஊதியச் சட்டத் தொகுப்பில் பதவி உயர்வு என்ற சொல் அப்படி இடம்பெறவில்லை. நாடாளுமன்றம் அந்தச் சொல்லைத் தொகுப்பில் மீண்டும் சேர்க்க வேண்டும். தேர்வுக் குழுக்கள் பெயர்களை நீக்கியேனும் ஒப்பீட்டு மதிப்பெண்களையும், மூத்தவரைத் தாண்டியதற்கான காரணத்தையும் விடுபட்டவருக்கு எழுத்தில் தர வேண்டும். தராத நிருவாகத்தின் மீதே, பாகுபாடு நடக்கவில்லை என்று மெய்ப்பிக்கும் சுமை விழ வேண்டும்.