போர்க்கால நகையும் பாசறைக் காதலும்

போர் என்ற அளவில் குருதியும் கண்ணீரும் நம் நெஞ்சில் தோன்றுதல் இயல்பு. ஆயினும், பெரும்போர் நடக்கும் காலத்தும் அதன் ஓசை எட்டாத மூலைகள் உலகில் உண்டு. அத்தகைய மூலையொன்றில் சில படைவீரர் ஒதுங்குகின்றனர். பகைவர் வருவதில்லை, மேலிடத்து ஆணையும் வருவதில்லை. நாளடைவில் துப்பாக்கியில் துருவேறுகிறது; காதல் தளிர்க்கிறது; நகைப்பும் பிறக்கிறது. இவ்வகைக் கதைக்கு உலகத் திரைக்கலையில் தனி இடம் உண்டு.

இத்தாலிய இயக்குநர் கபிரியேலே சால்வதோரெஸ் 1991இல் உருவாக்கிய ‘மெடிடெரேனியோ’ இதற்குச் சிறந்த சான்று. 1941இல் எட்டு இத்தாலிய வீரர் கிரேக்கத் தீவொன்றில் இறங்குகின்றனர். அவர்தம் கப்பல் மூழ்குகிறது. வானொலிக் கருவியும் உடைகிறது. உலகம் அவர்களை மறக்க, அவர்களும் உலகை மறந்து வாழ்கின்றனர். சிறந்த அயல்மொழிப் படத்திற்கான ஆஸ்கார் விருது 1992இல் இதற்குக் கிடைத்தது.

நகை தோன்றும் நிலைக்களன்களாகத் தொல்காப்பியம் எள்ளல், இளமை, பேதைமை, மடன் என நான்கினைக் கூறும். அத்தீவின் நகைப்பு இளமையிலும் பேதைமையிலும் பிறந்தது. பகைவரை எள்ளுதலில் பிறந்ததன்று. ஆதலின் அது நெஞ்சைத் தொடுகிறது.

எனினும் அப்படம் எடுக்கப்பெற்ற கஸ்தெலோரிசோத் தீவின் உண்மை வரலாறு வேறு. 1943இல் இத்தாலி போரிலிருந்து விலகிய பின் அத்தீவு தாக்குதலுக்கு உள்ளாயிற்று. மக்கள் அகதிகளாய் வெளியேறினர். போர் முடிந்து 1945 செப்டம்பரில் அவர்களை ஊருக்கு ஏற்றிச் சென்ற ‘எம்பயர் பேட்ரோல்’ என்னும் கப்பல் தீப்பற்றியதில் 33 பேர் மாண்டனர். அமைதித் தீவு என்று நாம் கண்டு மகிழ்ந்த மண்ணில் இத்துயரமும் புதைந்து கிடக்கிறது. நகைச்சுவை எதனைக் காட்டுகிறது, எதனைக் காட்டாது விடுகிறது என்னும் வினா இங்கே எழுகின்றது. இவ்வினாவைத் தமிழ்ப் படைப்புகளின்மேல் வைத்துப் பார்ப்பதே நம் நோக்கம்.

முல்லைப்பாட்டின் அளவுகோல்

காதலையும் பாசறையையும் ஒருங்கே பாடுவது தமிழுக்குப் புதிதன்று. பத்துப்பாட்டுள் மிகச் சிறியதாகிய முல்லைப்பாட்டு 103 அடிகளில் இதனைச் செய்து முடிக்கிறது. நப்பூதனார் காட்டும் பாசறையில் யவனர் காவல் நிற்கின்றனர். கச்சில் வாள் பூண்ட மகளிர் விளக்கேற்றுகின்றனர். கவளத்தை உண்ண மறுக்கும் யானையை இளைஞர் வடமொழிச் சொற்களைப் பயிற்றி உண்பிக்கும் காட்சியில் மெல்லிய நகையொன்றும் ஒளிர்கிறது. அரண்மனையில் தலைவி காத்திருக்கிறாள்.

ஆனால் அப்பாசறையின் அரசன் உறங்குவதில்லை. புண்பட்ட யானைகளையும், தன் பொருட்டு உயிர் கொடுத்த மறவரையும், உணவு கொள்ளாத குதிரைகளையும் எண்ணி அவன் விழித்திருக்கிறான். நெடுநல்வாடையிலும் அரசன் நள்ளிரவில் விளக்கொளியில் புண்பட்ட வீரரைக் கண்டு வருகிறான். காதலைப் பாடவந்த புலவர் புண்ணை மறைக்கவில்லை என்பது கருதத்தக்கது. இதனையே நாம் அளவுகோலாகக் கொள்வோம்.

ஆணையில் பிறந்த படங்கள்

இரண்டாம் உலகப்போரின்போது தமிழ்த் திரையுலகம் ஆங்கில அரசின் கைக்குள் இருந்தது. கச்சாப் பிலிம் அயல்நாட்டிலிருந்து வரவேண்டியிருந்தமையால் ஒரு படத்தின் நீளம் 11,000 அடிக்குள் அடங்கவேண்டும் என்று வரையறுத்தனர். அஃதாவது ஏறத்தாழ இரண்டு மணி நேரம். மூன்று மணி நேரத்திற்கு மேலும் ஓடிய பாடல் நிறைந்த படங்களைக் கண்டு பழகியவர்க்கு இது பெரிய மாற்றம். பின்னர்ப் பிலிம் பெறுதற்கே உரிமம் வேண்டியதாயிற்று. போர் முயற்சிக்குத் துணைபுரியும் படங்களும் வரவேண்டும் என்று அரசு வற்புறுத்திற்று.

இதன் விளைவாக 1945இல் சில படங்கள் வெளிவந்தன. சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ் டி. ஆர். சுந்தரம் இயக்கிய ‘பர்மா ராணி’ அவற்றுள் குறிப்பிடத்தக்கது. சப்பானியர் பிடியிலிருந்த பர்மாவில் சிக்கிய இந்திய விமானப்படை வீரரும், அவர்க்குத் துணைநின்ற ராணியும் கதைமாந்தர். கே. எல். வி. வசந்தா, ஹொன்னப்ப பாகவதர் ஆகியோர் நடித்தனர். சுந்தரமே சப்பானிய அதிகாரியாகத் தோன்றினார். கே. சுப்பிரமணியம் ‘மானசம்ரட்சண’த்தை அளித்தார்; எஸ். டி. சுப்புலட்சுமி அதன் நாயகி. ஜெமினி நிறுவனம் கொத்தமங்கலம் சுப்புவின் இயக்கத்தில் ‘கண்ணம்மா என் காதலி’யை வெளியிட்டது. படை, ஒற்று, காதல், பாட்டு, நகைச்சுவை ஆகிய அனைத்தும் இவ்வகைப் படங்களில் இடம்பெற்றன.

‘தியாக பூமி’யை 1939இல் எடுத்து, அப்படம் தடைசெய்யப்படும் அளவுக்குத் தேசிய உணர்வைத் தூண்டிய அதே கே. சுப்பிரமணியம், ஆறாண்டுகளில் அரசின் போர்முயற்சிக்குப் படமெடுக்க நேர்ந்தது. கலைஞரைக் குறை கூறுதல் நம் கருத்தன்று. பிலிம் இல்லையேல் தொழில் இல்லை. தொழில் இல்லையேல் நூற்றுக்கணக்கான குடும்பங்களின் அடுப்பு எரியாது. ஆயினும் ஆணையின்கீழ்ப் பிறக்கும் நகை பெரும்பாலும் எள்ளலாகவே முடியும். பகைவனைச் சிறுமைப்படுத்துவதே அதன் பணி. நம்மவர் பட்ட புண்ணுக்கு அங்கே இடம் குறைவு.

அப்புண் சிறிதன்று. 1941 டிசம்பர் 23ஆம் நாள் இரங்கூன்மேல் குண்டுகள் விழுந்தன. அதன்பின் சில மாதங்களில் நான்கு இலட்சத்திற்கும் மேற்பட்ட இந்தியர் பர்மாவை விட்டு நீங்கினர் என்பர். கப்பலில் இடம் பெறாதார் காட்டுவழியும் மலைவழியும் நடந்தனர். பசியாலும் காய்ச்சலாலும் வழியிலேயே மடிந்தோர் பல்லாயிரவர். திரையில் பர்மா காதலுக்கும் வீரத்திற்கும் களமாயிற்று; நடந்து வந்தவர்க்கு அது பிணங்களைக் கடந்து வந்த வழி.

தங்கவயலின் அமைதி

போரின் வெடியோசை எட்டாத ஊர்களுள் நம் தங்கவயலும் ஒன்று. இங்குக் கேட்டது பாறை பிளக்கும் வெடியோசையே. கன்னட நாட்டின் நடுவே தமிழ் ஒலிக்கும் தீவு என்று இவ்வூரைக் கூறுதல் பொருந்தும். ஐரோப்பியரும் ஆங்கிலோ இந்தியரும் சேர்ந்த ‘கோலார் தங்கவயல் பட்டாளம்’ என்னும் துணைப்படையொன்றும் இங்கிருந்தது. பகைவரைக் காணாத அப்படையினரை வைத்து நகைச்சுவைக் கதையொன்று புனைவார்க்குப் பொருள் குறைவிராது. ஏறத்தாழ 100 கிலோமீட்டர் தொலைவில், பெங்களூர் முகாம்களில், ஆப்பிரிக்கப் போர்முனையில் பிடிபட்ட இத்தாலியக் கைதிகள் இருந்தனர். ‘மெடிடெரேனியோ’ வீரர் தீவில் ஒதுங்கினர். அவர்தம் நாட்டவர் பலர் நம் அண்டையில் முள்வேலிக்குள் நாள் எண்ணினர்.

தங்கவயல் சுரங்கத்தில் இறங்கிய தொழிலாளருள் பெரும்பாலோர் வடஆர்க்காடு, சேலம், சித்தூர்ப் பகுதிகளிலிருந்து வந்தோர். அதே வடஆர்க்காட்டிலிருந்தும் சேலத்திலிருந்தும்தான் மலேயா இரப்பர்த் தோட்டங்களுக்கும் ஆள் சென்றது. பஞ்சமும் கடனும் சாதிக்கொடுமையும் ஒரே தெருவினரைத் திசைக்கொருவராய்ப் பிரித்தன. ஒருவர் இங்கே பூமிக்கடியில் இறங்கினார். மற்றொருவர் கடல் கடந்தார். கடல் கடந்தாரைச் சப்பானியர் சயாம்–பர்மா இரயில்பாதை வேலைக்கு இழுத்துச் சென்றனர். 415 கிலோமீட்டர் நீளமுள்ள அப்பாதை 1943 அக்டோபரில் முடிந்தது. ஆசியத் தொழிலாளர் 1,80,000க்கும் மேற்பட்டோர் அதில் உழைத்தனர் என மதிப்பிடுவர். அவருள் தமிழர் பெருந்தொகையினர். மாண்ட நேசநாட்டுப் போர்க்கைதிகளுக்குக் காஞ்சனபுரியில் பெயர் பொறித்த கல்லறைகள் உள்ளன. மாண்ட தமிழருள் மிகப் பலர்க்குப் பெயருமில்லை, கல்லுமில்லை. வீழ்ந்த மறவனுக்கு நடுகல் நட்டுப் பெயரும் பீடும் எழுதிய மரபின் வழிவந்தோர்க்கு நேர்ந்த கதி இது.

அப்பாதையை மையமாகக் கொண்டு ‘தி பிரிட்ஜ் ஆன் தி ரிவர் குவாய்’ என்னும் ஆங்கிலப் படம் 1957இல் வந்தது. அது இலங்கையின் கித்துல்கலையில் எடுக்கப்பட்டது. அதன் கதை வெள்ளைக் கைதிகளைப் பற்றியது. தமிழ்த் தொழிலாளியின் கதைக்கு அங்கும் இடமில்லை.

கடலுக்கு அப்பால்

திரை கைவிட்ட இடத்தில் நாவல் துணைக்கு வந்தது. சிங்கம்புணரியில் 1920இல் பிறந்த ப. சிங்காரம் இளமையில் இந்தோனேசியாவின் மெடானுக்குச் சென்று போரை நேரிற் கண்டவர். அவர்தம் ‘கடலுக்கு அப்பால்’ பினாங்குத் தீவைக் களமாகக் கொண்ட காதற்கதை. இந்திய தேசிய இராணுவத்தில் இருந்து மீண்ட செல்லையாவுக்கு, அவன் பணிபுரிந்த கடை முதலாளி தம் மகள் மரகதத்தை மணம் செய்விக்க உடன்படவில்லை. படை கலைந்த பின்னும் போர் அக்காதலருக்கிடையே நிற்கிறது. 1972இல் வெளிவந்த ‘புயலிலே ஒரு தோணி’யில் நகைப்பும் எள்ளலும் மிகுதி, ஆனால் அவ்வெள்ளல் பகைவனை மட்டும் குறிக்கொள்ளாது நம் சொந்தப் பெருமைகளையும் குத்திக்காட்டுகிறது. முல்லைப்பாட்டின் அளவுகோலுக்கு நிற்கும் தமிழ்ப் போர்க்கதை இவரிடமே உள்ளது எனத் துணிந்து கூறலாம்.

2001 பிப்ரவரி 28ஆம் நாளோடு நம் சுரங்கங்களும் மூடப்பட்டன. மலேயாவில் மாண்டாரின் உறவினர் எத்தனை பேர் இங்கே அவ்வோசைக்கிடையே செய்திக்குக் காத்திருந்தனரோ! தங்கவயலின் வீடுகளில் பழைய கடிதங்களும், பாட்டியர் வாய்மொழியாய் விட்டுச்சென்ற பெயர்களும் எஞ்சியிருத்தல் கூடும். அவற்றைத் தேடித் தொகுத்தல் நம் சங்கத்திற்கு ஏற்ற பணி. போர்க்காலத்தில் காதலித்தவரையும் நகைத்தவரையும் பாடும் வருங்காலப் படைப்பாளிக்கு, உறங்காதிருந்த அந்த அரசனின் நினைவையும் மாண்டவர் பெயர்களையும் நாம் எடுத்து வைப்போமாக.